இரண்டு ஆட்டம் பாக்கி இருக்கையில் வைத்த பேனர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது தப்பு. மூக்கு வரை வந்து நிற்கும் அளவுக்கெல்லாம் என் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. ஆனால் அன்று உத்திரமேரூரில் டவுன் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடமும் பிடித்து உட்கார்ந்தபோது நான் ரொம்ப நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். முந்தின நாள் சென்னையில் எங்கள் கிளப், போன வருடக் கோப்பையை வைத்திருந்த அணியை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்திருந்தது. அகில இந்தியப் பெண்கள் கால்பந்து லீக்கில் நாங்கள்தான் முதலிடம். கோச் இரண்டு நாள் லீவு கொடுத்திருந்தார். வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவது, நன்றாகத் தூங்குவது, திரும்பிப் போய் மிச்சம் இருக்கிற இரண்டு ஆட்டத்தையும் ஆடுவது. என் திட்டம் அவ்வளவுதான்.

சாலவாக்கம் தாண்டி எங்கள் ஊர் நிறுத்தம் வந்தது. இறங்குவதற்காகப் படிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிரே புளியமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே பெரிய பேனர் ஒன்று. அதில் நான்.

கழுத்து வரைக்கும்தான் நான். பெரியம்மா மகள் கல்யாணத்தில் தலை நிறைய மல்லிப்பூ வைத்துக்கொண்டு எடுத்த படம் அது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வெளிநாட்டு ஆண் ஆட்டக்காரரின் உடம்பு, தொடையெல்லாம் முடி. கையில் ஒரு கோப்பை, அதுவும் கிரிக்கெட் கோப்பை. மேலே கொட்டை எழுத்தில் 'இந்திய சாம்பியன்' என்று போட்டு, அதற்கு மூன்று ஆச்சரியக்குறி. 'கோப்பையை வென்று வரும் எங்கள் ஊர்த் தங்கமே வருக வருக' என்று ஒரு வரி. அடியில் எங்கள் தெருப் பையன்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வட்ட வட்டமாக என்னை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, நீதானா அது?" என்றார் கண்டக்டர், பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து. "கப்பு எங்க? பையிலயா கீது?"

பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது. இரண்டிலும் தோற்றால் மூன்றாம் இடத்துக்குக் கூடப் போய்விடலாம். அதற்குள் கோப்பையை என் கையில் கொடுத்து ரோட்டில் நிற்க வைத்துவிட்டார்கள்! பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராகப் பேனருக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். கடை என் மாமாவுடையது, அம்மாவின் தம்பி. அப்பா அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு வெச்சது அது?"

"வா வா, மருமவளே!" என்றார் மாமா. "சாம்பியனுக்கு ஒரு ஸ்பெஷல் டீ."

"மாமா, சும்மா இரு. அப்பா, யாரு வெச்சது?"

"நான்தான் சொன்னேன்" என்றார் அப்பா. "பசங்க காசு போட்டு அடிச்சாங்க. போட்டோ நான் குடுத்தேன். நல்லா இல்லயா?"

"இன்னும் நாங்க ஜெயிக்கவே இல்லப்பா!"

அப்பாவின் முகத்தில் நிஜமான குழப்பம். "நீதானடி போன் பண்ணி சொன்ன, போன வருஷம் கப்பு வாங்கினவங்கள ஜெயிச்சிட்டோம்னு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. போன வருடம் கோப்பை வாங்கிய அணி காலையிலிருந்து ஆட வேண்டியதில்லை. அவர்கள் பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சோடா குடிப்பார்கள். மற்ற ஊர் அணிகள் வெயிலில் ஒன்றை ஒன்று தள்ளி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுகிற அணி அவர்களோடு மோதும். கோப்பை வைத்திருப்பவர்களைத் தோற்கடித்தால் கோப்பை உங்களுக்கு, அந்த நிமிடமே. மேளம் அடிப்பார்கள், மாலை போடுவார்கள், கதை முடிந்தது. அப்பா சின்ன வயதிலிருந்து பார்த்த ஒரே போட்டி அதுதான். நான் போனில் சொன்னதும் அவர் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமாவின் டீ கிளாஸ்களை எடுத்து பெஞ்சில் வரிசையாக வைத்து லீக் என்றால் என்ன என்று விளக்கினேன். ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொரு அணியோடும் இரண்டு தடவை ஆட வேண்டும், ஜெயித்தால் மூன்று புள்ளி, டிரா ஆனால் ஒன்று, எல்லாம் முடிந்ததும் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர்களுக்குத்தான் கோப்பை.

"சரி, அப்போ ஃபைனல் எப்போ?" என்றார் மாமா.

"ஃபைனலே கிடையாது மாமா."

"ஃபைனல் இல்லாத போட்டியா! இன்னாடி இது, கல்யாணம் பண்ணி தாலி கட்டாத மாதிரி?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் அப்பாவைப் பார்த்து, "அவசரப்பட்டுட்டியே" என்றார். அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போய், "அத்த மொதல்ல எறக்குப்பா, எனக்கு அசிங்கமா கீது" என்று கத்திக்கொண்டே வந்தேன்.

அம்மா நூறு நாள் வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். என் கத்தலை முழுதாகக் கேட்டுவிட்டு என்னை உள்ளே இழுத்துப் போனாள்.

"உங்கப்பா அந்தக் கடைல உக்காந்து டீ குடிச்சி நீ பாத்திருக்கியா?"

யோசித்தேன். பார்த்ததில்லை. அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் பலகை அடித்து, கம்பி கட்டி, முட்டு கொடுக்கிற வேலை. ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கடையில் நின்றபடியே இரண்டு மடக்கில் டீயை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவசரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"பொட்டப் புள்ளைக்கு டவுசர் மாட்டி ஊர் ஊரா ஆட வுட்டுட்டான்னு எத்தினி வருஷமா பேசிக்கினு இருந்தாங்க தெரியுமா? எம் தம்பி கடைதான், ஆனா வர்றவன் வாய மூட முடியுமா? அதுக்குத்தான் அங்க உக்கார மாட்டாரு. இன்னைக்கி காலைல இந்த பேனரு கட்டினப்புறம்தான் பெஞ்சுல உக்காந்தாரு. ரெண்டு டீ குடிச்சாரு. இப்போ எறக்க சொல்றியா நீ?"

வெளியே போய் அப்பா பக்கத்தில் நின்றேன். அவராகவே சொன்னார்.

"நீ ஜெயிச்சிட்டு வந்துடு. அப்போ ஒண்ணும் பிரச்சினை இல்ல."

சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் தடுப்பாட்டக்காரி. கோல் அடிக்கிறவள் இல்லை, அடிக்க வருகிறவளை மறிக்கிறவள். ஒரு பேனரைக் காப்பாற்றுவதற்காக லீக் ஜெயிக்க வேண்டிய நிலைமை இந்த நாட்டில் வேறு எந்தத் தடுப்பாட்டக்காரிக்கும் வந்திருக்காது.

அடுத்த ஆட்டம் வடக்கே, எதிரணியின் ஊரில். கடுங்குளிர். என்னோடு நடுத் தடுப்பில் நிற்பவள் என் அறைத்தோழி, மணிப்பூர்ப் பெண். தமிழில் அவளுக்குத் தெரிந்தது பத்து வார்த்தை. அதில் நான்கு என்னிடம் கற்றுக்கொண்ட திட்டு. பேனர் கதையை அவளிடம் சொல்லி, போட்டோவையும் காட்டியிருந்தேன். அந்த முடி நிறைந்த தொடையைப் பார்த்துவிட்டு அவள் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். ஆட்டத்துக்கு முன்னால் என் தொடையைத் தட்டி, "அக்கா, நோ டென்ஷன்" என்றாள். டென்ஷன் இல்லாமல் எப்படி இருக்கும்? பந்து வரும்போதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாதான் கண்ணில் தெரிந்தார்.

தோற்றோம். எங்கள் ஆளின் முழங்காலில் பட்டுத் திரும்பிய பந்து எங்கள் வலைக்குள்ளேயே போனது, ஒன்றுக்குப் பூஜ்யம். அது போதாதென்று எனக்கு ஒரு மஞ்சள் அட்டை. நான் பந்தைத்தான் உதைத்தேன், சுத்தமாகப் பந்தை. அந்தப் பெண் தானாக மூன்று சுற்று உருண்டாள். அது ஃபவுலே இல்லை. இன்றைக்கும் சொல்வேன், என்றைக்கும் சொல்வேன். ஆனால் சீசனில் எனக்கு அது மூன்றாவது அட்டை. எங்கள் லீக் விதிப்படி அடுத்த ஆட்டம் ஆட முடியாது. அடுத்த ஆட்டம்தான் கடைசி ஆட்டம்.

அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தேன்.

"தோத்துட்டீங்களாமே" என்றாள் அம்மா. "பசங்க செல்லுல பாத்துட்டு வந்து சொன்னாங்க."

"பேனர் கீதா?"

"எறக்கிட்டாரு. ஆட்டம் முடிஞ்ச கையோட ஏணி எடுத்துக்கினு போனாரு. யாரும் ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாடியே அவுத்து சுருட்டிக்கினு வந்துட்டாரு."

அம்மா மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். நான் போனை வைத்துவிட்டேன். இறக்கு இறக்கு என்று ஊரைக் கூட்டியவள் நான்தான். இறக்கிவிட்டார் என்றதும் ஏன் அப்படி ஓர் அழுகை வந்தது என்று எனக்கே புரியவில்லை. இன்னும் ஓர் ஆட்டம் இருக்கிறதே! ஜெயித்துவிட்டு வா என்று சொன்ன மனிதர் ஒரே ஒரு தோல்விக்கு நம்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாரே என்று ஆத்திரமாக வந்தது. ரூம்மேட் என் பக்கத்தில் உட்கார்ந்து ரெஃப்ரியைத் தமிழில் திட்டினாள். நான்கு வார்த்தையையும் சரியான இடத்தில் போட்டாள்.

கடைசி ஆட்டம் சென்னையில், மாலையில். எதிரணி எங்களுக்குச் சமமாகப் புள்ளி வைத்திருந்தது. டிரா ஆனால் கோல் கணக்கில் கோப்பை அவர்களுக்கு. ஜெயித்தால் எங்களுக்கு. என் இடத்தில் வேறு ஒரு பெண் நின்றாள். நான் கேலரியில்.

ஊரிலிருந்து ஒரு லோடு வண்டி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மேளத்தை மைதானக் காவலர்கள் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். பையன்கள் நாற்காலியைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நான் ஆடுவதை நேரில் பார்க்க அவர் வருவது அதுதான் முதல் தடவை. வந்த அன்று நான் ஆடவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மைதானத்தை முறைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா பின்னாலிருந்து என் தலையில் குட்டினார். "ஃபைனல் இல்ல, ஃபைனல் இல்லன்ன. தோ ஃபைனல் வந்துடுச்சி பாரு. எங்க ஊரு முறைதான் கரெக்டு."

முதல் பாதியில் கோல் இல்லை. எங்கள் பெண்கள் அடித்த பந்து இரண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒவ்வொரு முறையும் நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள், அவர்களிடமும் கத்தினேன். இடைவேளையில் அப்பா மெதுவாகச் சொன்னார்.

"உன் எடத்துல நிக்கிற பொண்ணு நல்லாத்தான் ஆடுது."

"ம்."

"உன்ன மாதிரி கத்தல."

சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வருவது மாதிரி ஒரு பேஜார் வேறு இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து உள்ளே வந்தபோது கூட்டத்துக்கு மேலே ஒரு தலை எழும்பியது. என் ரூம்மேட்! அந்தக் குள்ளச்சி எப்படி அவ்வளவு உயரம் எழும்பினாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. நெற்றியில் பட்ட பந்து நேராக வலைக்குள் போய் விழுந்தது.

அடடா, அந்தச் சத்தம்! மாமா முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். பையன்கள் தட்டிய தட்டில் ஒரு நாற்காலி உடைந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அடுத்த நாள் தொண்டை கட்டிப்போயிருந்தது என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த மிச்ச நேரம் நகரவே இல்லை. எதிரணி மொத்தமும் எங்கள் பாதியில் வந்து நின்றது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கம்பி கட்டிக் காய்த்துப்போன கை. எங்கள் கோல் பக்கம் பந்து வரும்போதெல்லாம் இறுக்கினார், வெளியே போனதும் தளர்த்தினார். ஆட்டம் அவருக்குப் புரிகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

விசில் ஊதினார்கள். மைதானத்தில் எங்கள் பெண்கள் புல்லில் விழுந்து புரண்டார்கள். கேலரி முழுக்க எழுந்து நின்று ஆடியது. அப்பா மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுப்பா!"

"வேற ஆட்டம் கீதா?"

"இல்லப்பா."

"வேற எங்கியாச்சும் வேற டீமு ஜெயிச்சி கணக்கு மாறுமா?"

"மாறாதுப்பா. நாமதான் சாம்பியன்."

"எதுக்கும் உங்க கோச்ச ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்து சொல்லு" என்றார். "போன வாட்டி மாதிரி ஆயிடப் போவுது."

வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றினார். அப்புறம் நிறுத்தவே இல்லை. அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டே கேலரிப் படியில் அவர் இறங்கியதைப் பார்த்து முன்பின் தெரியாத கூட்டமெல்லாம் விசில் அடித்தது. நான் கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்ததில் கணுக்கால் பிசகியதைக் கூடக் கவனிக்காமல் மைதானத்துக்குள் ஓடி ரூம்மேட் மேல் விழுந்தேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். சந்தோஷத்தில் அவ்வளவு அழுகை வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கோப்பையைத் தடுப்பு ஓரமாகக் கொண்டுவந்து ஊர்க்காரர்களுக்குக் காட்டினேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோதானா? நம்ம கபடிக்கே இதவிட பெருசு குடுப்பாங்களே."

ஊர்க்காரர்கள் லோடு வண்டியில் கிளம்பிப் போனார்கள். எனக்குக் கிளப்பில் விருந்து. மறுநாள் காலையில் பதக்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு அதே டவுன் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். நிறுத்தத்தில் புளியமரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே வெறும் ஆகாயம். கட்டிய கயிற்றின் நுனி மட்டும் கிளையில் தொங்கியது. மேளம் காத்துக்கொண்டிருந்தது, இறங்கியதும் மாலை போட்டார்கள். மாமா கடையில் எல்லோருக்கும் டீ ஓசி என்று கத்தினார். எங்கள் ஊர் வரலாற்றிலேயே அது நடந்ததில்லை.

"பேனர எடுத்துக்கினு வாங்க" என்றான் ஒருவன் அப்பாவிடம். "இப்போதான் அது கரெக்டா கீது. கட்டிடலாம்."

"அது வோணாம்" என்றார் அப்பா. "வேற அடிச்சிக்கோங்க."

"ஏன் மச்சான், கிழிச்சி போட்டுட்டியா?" என்றார் மாமா.

அப்பா டீயை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு அந்த மாலையும் மேளமும் ஒரு நிமிடம் கசந்துபோயின. கிழித்தேதான் போட்டிருப்பாரோ? கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள், கருவாட்டு வாசனை வாசல் வரைக்கும் வந்தது. பையை வைப்பதற்காக அப்பா படுக்கிற பக்கத்து அறைக்குள் போனேன். சிமெண்ட் ஷீட் போட்ட சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு டேபிள் ஃபேன், சுவரில் அவர் வேலைச் சட்டை. கால் வலியோடு கட்டிலில் மல்லாந்து படுத்தேன்.

மேலே நான் இருந்தேன்.

ஷீட்டுக்குக் கீழே, சுவருக்குச் சுவர் பேனரை இழுத்துக் கட்டியிருந்தார். படம் கீழ்ப் பக்கமாக, படுத்திருப்பவர் முகத்துக்கு நேராக. மரச் சட்டத்தில் வரிசையாக ஆணி அடித்துக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார், சென்ட்ரிங் வேலை மாதிரியே, ஒரு சுருக்கம் கிடையாது. கறுப்புக் கண்ணாடிப் பையன்கள் எல்லோரும் சுவரோரம் மடிந்து போயிருந்தார்கள். கம்பி எதுவும் என் முகத்தின் மேல் போகவில்லை. 'இந்திய சாம்பியன்' தலையணைக்கு நேர் மேலே இருந்தது.

"தோத்த அன்னைக்கே கட்டிட்டாரு" என்றாள் அம்மா, கதவருகே கரண்டியோடு வந்து நின்று. "போன்ல சொல்ல வந்தேன். நீ எங்க கேக்கற? டொக்குனு வெச்சிட்ட. படுத்துக்கினு அதையேதான் பாத்துக்கினு இருந்தாரு மனுஷன்."

அப்பா உள்ளே வந்தார். நான் மேலே பார்த்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் ஃபேனைப் போட்டார்.

"ஷீட்டு சூடு எறங்குது" என்றார். "அதுக்குத்தான்."

"அப்பா, நாங்க தோத்துட்டோம்னுதான நீ எறக்கின? இனிமே ஜெயிக்க மாட்டோம்னு?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கணுக்கால் வீக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஜெயிச்சா நீ ரோட்டுல எங்க வோணாலும் நிக்கலாம்" என்றார். "தோத்த அன்னைக்கி நாலு பேரு சிரிக்கிற எடத்துல உன்ன நிக்க வுட்டுட்டு வருவேனா? அதான் வூட்டுக்கு இட்டாந்துட்டேன்."

அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு, சோறு ஆறிப்போகிறது, இரண்டு பேரும் எழுந்து வாருங்கள் என்று கத்தினாள்.